மழையில் நனையாமல் நடக்க முடியுமா? டிரிமன் முதல் பால்மஹா வரை

கேள்வி, ஏப்ரல் 28

கிளாஸ்கோவில் படிக்கும் நண்பர்கள் கூட்டம் நாங்கள். மே கடைசியில் டிரிமன் கிராமத்திலிருந்து கோனிக் ஹில் என்ற குன்றில் ஏறி, லோமண்ட் ஏரிக்கரையில் பால்மஹா வரை நடக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். யாருக்கும் மலைப்பாதை பழக்கமில்லை. எப்போது பார்த்தாலும் மழை என்றே முன்னறிவிப்பு. நல்ல வாட்டர்ப்ரூஃப் கோட்டும் ஷூவும் இருந்தால் நனையாமல் போய் வரலாம் என்று கடையில் அடித்துச் சொல்கிறார்கள். கோட்டுக்கு இருநூறு பவுண்டு போடலாமா, இல்லை வெயில் அடிக்கும் வாரமாகப் பார்த்துப் போகலாமா? சென்னை வெள்ளத்தையே பார்த்தவர்கள் இந்தத் தூறலுக்கா பயப்படுவது என்கிறான் எங்களில் ஒருவன்.

பதில், ஏப்ரல் 28, இரவு

வெயிலுக்குக் காத்திருந்தால் படிப்பு முடிந்து விசாவும் முடிந்துவிடும். போங்கள். நனையத்தான் செய்வீர்கள். அதற்கு இருநூறு பவுண்டு தேவையில்லை.

ஏப்ரல் 29

சென்னைக்காரருக்கு முதலில். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கிளாஸ்கோவைவிட சென்னையில்தான் மழை அதிகம். ஆனால் அங்கே கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும், உடம்போடு சட்டை காய்ந்துவிடும். இங்கே காயாது. மே மாதத்திலும் மலைமேல் ஏழெட்டு டிகிரி இருக்கலாம், கூடவே காற்று, கூடவே தூறலா மேகமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று காலையிலிருந்து மாலைவரை. எடின்பரோவில் ஆண்டுக்கு 700 மி.மீ. அளவில்தான் பெய்கிறது. மேற்கு மலைகளில் சில இடங்களில் 3000ஐத் தாண்டும். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் முட்டுவது அங்கேதான்.

இனி கோட். கோர்-டெக்ஸ் வகைத் துணியில் நடுவே ஒரு மெல்லிய படலம் இருக்கும். மழைத்துளி அதைத் தாண்டாது, வியர்வை ஆவியாகத் தாண்டிப் போகும். அதற்கு வெளித்துணி காய்ந்திருக்க வேண்டும். வெளித்துணிமேல் நீர் உருண்டோடுவதற்கென்று ஒரு பூச்சு உண்டு. பையின் பட்டை உரசும் தோள்பட்டையில்தான் அது முதலில் தேயும். தேய்ந்ததும் வெளித்துணி நீரைக் குடித்துக் கனமாகிவிடும். படலத்தில் ஓட்டை விழுந்திருக்காது, ஆனால் வியர்வை வெளியே போக வழி இருக்காது. ஏறி முடித்துக் கோட்டைக் கழற்றினால் உள்ளே தொப்பல். "கோட் ஒழுகுது" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஒழுகியது அவர்களேதான்.

புதிதாக வாங்குவதற்கு முன், இருக்கிற கோட்டை அதற்கான சோப்பில் துவைத்து, பூச்சைத் திரும்ப ஏற்றும் திரவத்தை அடித்து, லேபிளில் அனுமதி இருந்தால் டிரையரில் குறைந்த சூட்டில் போட்டுப் பாருங்கள். பத்துப் பதினைந்து பவுண்டில் பாதிக் கோட் திரும்பி வரும்.

இந்தத் தொல்லை கிளாஸ்கோவுக்குப் புதிதல்ல. சார்ல்ஸ் மாக்கின்டாஷ் 1823இல் காப்புரிமை வாங்கியது இந்த ஊரில் இருந்துகொண்டுதான்: ரப்பரை நாப்தா என்ற கரைப்பானில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டியது. மழை உள்ளே வரவில்லை. வியர்வையும் வெளியே போகவில்லை, நாற்றம் வேறு. இருநூறு வருடமாக அதே புகார்.

ஏப்ரல் 30

ஷூ விஷயத்தில் எனக்கே இரண்டு மனம். வாட்டர்ப்ரூஃப் பூட் வெளியிலிருந்து வரும் நீரைத் தடுக்கும், கணுக்காலுக்கு மேலே ஆழம் போகாதவரை. ஒரு சகதியில் கால் முழுசாக இறங்கி மேல்வழியாக நீர் புகுந்துவிட்டால், அதே படலம் அந்த நீரை வெளியேயும் விடாது. பிறகு நடந்து முடிக்கும்வரை கால் வாளிக்குள்தான். வலைத்துணி வைத்த ஓட்ட ஷூ முதல் ஐந்து நிமிடத்திலேயே நனையும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். மெரினோ கம்பளி சாக்ஸ் போட்டிருந்தால், நனைந்தாலும் கால் சூடாகவே இருக்கும். மார்ச் ஏப்ரல் என்றால் பூட்டும், அதன் வாயைச் சுற்றி மாட்டும் கெய்ட்டர் உறையும். மே கடைசிக்கு மேல் நான் ஓட்ட ஷூவில்தான் போகிறேன். எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் இதற்காக என்னைத் திட்டுவார்கள்.

எதுவானாலும் பருத்தி சாக்ஸ் வேண்டாம். ஜீன்ஸ் கூடவே கூடாது. ஏனென்று தனியாக எழுதுகிறேன்.

மே 2

ஜீன்ஸ் கதை. இதே பாதை, இதே மாதிரி நண்பர்கள் கூட்டம். டிரிமனை விட்டதும் காரட்பன் காட்டு வழியாக அகலமான பாதை, பேச்சும் சிரிப்புமாகப் போனோம். மழை என்று சொல்ல முடியாது, ஊசித் தூறல்தான். காடு முடிந்து திறந்த வெளி வந்ததும் கூட்டம் நீண்டுவிட்டது. முன்னால் போனவர்கள் கோனிக் ஹில்லுக்குக் கீழே பர்ன் ஆஃப் மார் ஓடையின் மரப்பாலத்தில் நின்று, பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருந்தார்கள். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம்.

முன்னால் போனவர்களில் ஒருவன் ஜீன்ஸ். கூட்டத்திலேயே அதிகம் பேசுகிறவன், நல்ல ஆரோக்கியம், ஃபுட்பால் ஆடுகிறவன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கைப்பிடியில் சாய்ந்து நின்றான். ஒருவர் அவனுக்கு டன்னக்ஸ் கேரமல் வேஃபர் ஒன்றை நீட்டினார். அந்தச் சிவப்பும் தங்கமுமான உறையை அவனால் பிரிக்க முடியவில்லை. விரலை வைக்கிறான், நழுவுகிறது, திரும்ப வைக்கிறான். "பிரிச்சுத் தரவா" என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தான். எரிந்து விழுகிற ஆளே இல்லை அவன். அப்புறம்தான் உடம்பு வெடவெடப்பது கண்ணில் பட்டது.

எங்களுடன் மருத்துவமனையில் நர்ஸாக வேலை செய்யும் ஒரு அக்கா இருந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. தன் பையிலிருந்த உலர்ந்த ஸ்வெட்டரை எடுத்து, அவன் கோட்டைக் கழற்றி, நனைந்த டி-ஷர்ட்டை உரித்து, ஸ்வெட்டரை மாட்டி, மேலே திரும்பக் கோட், தொப்பி. பிளாஸ்கிலிருந்து சர்க்கரை தூக்கலாக டீ. வேஃபரைத் தானே பிரித்து வாயில் வைத்தார். காற்று படாமல் கரைச்சரிவின் மறைவில் எல்லோரும் நெருக்கி உட்கார்ந்தோம். கால் மணி நேரத்தில் அவன் பழையபடி ஜோக் அடிக்க ஆரம்பித்தான். அது நல்ல அறிகுறியா என்று ஒரு விவாதம் நடந்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். எங்கள் எல்லோருக்கும் ஒரே மழை. நனைந்த அளவும் ஏறக்குறைய ஒன்றே. குளிரில் விறைத்தவன் வேகமாகப் போனவன். வியர்த்து வந்து, நனைந்த பருத்தியோடு, காற்றில் அசையாமல் நின்றான். நடக்கிற உடம்பு ஒரு அடுப்பு மாதிரி, ஈரத்தைச் சமாளித்துவிடும். நின்றால் தீர்ந்தது. கூட்டமாகப் போகும்போது நனைவது பிரச்சினை இல்லை, நிற்பதுதான் பிரச்சினை. கோட்டுக்குப் போடும் யோசனையில் பாதியை எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதில் போடுங்கள்.

மே 3

"அந்த ஜீன்ஸ் நண்பர் நீங்கள்தானே?" இல்லை. அவன் இதைப் படிக்கிறான். கோபமாக இருக்கிறான். இப்போது அவனிடம் எங்கள் எல்லோரையும்விட நல்ல பேன்ட் இருக்கிறது.

மே 5

மே 2 குறிப்புக்குத் தொடர்ச்சி, நிற்பதைப் பற்றி. வழக்கமாக நடப்பது இது: வேகமானவர்கள் மேலே போய்க் காத்திருப்பார்கள். மெதுவானவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும், "சரி, வந்தாச்சா, கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு வேண்டாதவர்களுக்கு இருபது நிமிட ஓய்வு, வேண்டியவருக்கு ஒன்றுமில்லை. வெயிலில் இது வெறும் அநியாயம். மழையில் இரண்டு தரப்புக்குமே ஆபத்து.

மெதுவானவரை முன்னால் விடுங்கள் என்று எழுத வந்தேன். அதற்குள் ஒரு வாசகி, "என்னை எப்போதும் முன்னால் விடுவார்கள். முதுகுக்குப் பின்னால் எட்டு ஜோடிக் கால்கள் துரத்துவது போல் இருக்கும்" என்று எழுதிவிட்டார். நியாயம்தான். இரண்டாவதாக விடுங்கள். முன்னால் ஒரு நிதானமான ஆள், அவருக்கு அவசரம் என்பதே தெரியக்கூடாது. எங்கள் கூட்டத்தில் அது நர்ஸ் அக்கா.

நேரக் கணக்கு கேட்டிருந்தீர்கள். வில்லியம் நேஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மூன்று மைலுக்கு ஒரு மணி, ஆயிரம் அடி ஏற்றத்துக்கு அரை மணி. ஸ்காட்டிஷ் மலையேறுவோர் சங்கம் 1889இல் தொடங்கக் காரணமாக இருந்த மனிதர். டிரிமன் முதல் பால்மஹா ஏறக்குறைய 12 கி.மீ., அதாவது ஏழரை மைல். ஏற்றத்தையும் சேர்த்தால் மூன்று மணியை ஒட்டி வரும். அந்தக் கணக்கில் ஷூ கயிறு கட்டுவது, கோட்டை மாட்டுவது, கழற்றுவது, திரும்ப மாட்டுவது, செல்ஃபி, "கொஞ்சம் இருங்க, கண்ணாடி துடைச்சுக்கிறேன்" எதுவும் கிடையாது. நண்பர்கள் கூட்டத்துக்கு ஐந்து மணி நேரம் வையுங்கள். பால்மஹாவிலிருந்து பாலோக் ரயில் நிலையத்துக்குப் போகும் பேருந்து அடிக்கடி வராது, நடையைக் கடைசிப் பேருந்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

மே 5, சற்று நேரம் கழித்து

குடை கொண்டு போகலாமா என்று கேட்டவரைக் கேலி செய்யாதீர்கள். காட்டுப் பாதையிலும் காற்றில்லாத ஏரிக்கரையிலும் குடை கோட்டைவிட மேல், வியர்க்காது, கண்ணாடியும் நனையாது. கோனிக் ஹில் தோளில் ஏறியதும் மடக்கி உள்ளே வையுங்கள். வைக்காவிட்டால் காற்றே மடக்கிக் கொடுக்கும், எதிர்ப்பக்கமாக.

மே 9

"குளிருக்கு ஒரு மடக்கு விஸ்கி போதும், இதற்கு ஏன் இவ்வளவு பெரிய கதை" என்று ஒருவர். ஊரே விஸ்கி ஊர்தான், மில்காயிலிருந்து டிரிமன் வரும் வழியில் பாதையை ஒட்டியே கிளென்கோய்ன் ஆலை இருக்கிறது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுக் குடியுங்கள். மலைமேல் குடித்தால் தோலுக்கடியில் ரத்தக் குழாய் விரிந்து, உள்ளே இருக்கும் சூடு தோலுக்கு வந்து வெளியே போய்விடும். சூடாக இருப்பது போல் தோன்றும், உடம்பு ஆறிக்கொண்டிருக்கும்.

நீங்கள் போகும் வழி வெஸ்ட் ஹைலண்ட் வே என்ற நெடும்பாதையின் ஒரு துண்டு. அதே பாதையில் வடக்கே, கிங்ஸ்ஹவுஸ் விடுதியிலிருந்து டெவில்ஸ் ஸ்டேர்கேஸ் ஏறி கின்லாக்லெவன் போகும் பகுதி ஒன்று உண்டு. கின்லாக்லெவன் அலுமினிய ஆலைக்கு மின்சாரம் எடுக்க பிளாக்வாட்டர் அணையைக் கட்டினார்கள், 1905இலிருந்து 1909 வரை. ஆயிரக்கணக்கான கூலியாட்கள், தகரக் கொட்டகை வாழ்க்கை, மண்வெட்டியும் கூடையும். சம்பள நாளில் மலையைத் தாண்டி கிங்ஸ்ஹவுஸில் குடித்துவிட்டு, ராத்திரி அதே வழியில் திரும்புவார்கள். சிலர் திரும்பவில்லை, பனி கரைந்த பிறகுதான் உடல் கிடைத்தது என்று சொல்வார்கள். அணைக்குப் பக்கத்தில் அந்த வேலையில் இறந்தவர்களின் சிறிய இடுகாடு இன்னும் இருக்கிறது. கல்லறைகள் அணைக்கு வந்த அதே கான்கிரீட்டில் செய்தவை. ஒன்றில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "தெரியவில்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அங்கே போன நாள் நல்ல வெயில். அன்றைக்கு மட்டும் யாரும் வெயிலைப் பற்றிப் பேசவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உதவி வேண்டுமென்றால் 999. போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், பணம் வாங்க மாட்டார்கள். சிக்னல் பேசும் அளவுக்கு இல்லாமல் குறுஞ்செய்தி மட்டும் போகும் இடங்கள் நிறைய. 999க்குக் குறுஞ்செய்தி அனுப்ப முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், அதை வீட்டில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

மே 14

"ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாம், சட்டமே இருக்கிறது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. 2003 நிலச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலத்திலும் நடக்கவும் தங்கவும் உரிமை தருகிறது, பொறுப்போடு நடந்துகொள்ளும்வரை. கேட்டைத் திறந்தால் மூட வேண்டும், நாய் இருந்தால் ஆடுகள் பக்கம் கட்டிப் பிடிக்க வேண்டும், வீட்டை ஒட்டிப் போகக் கூடாது. ஆனால் லோமண்ட் ஏரி தேசியப் பூங்காவில் குறிப்பிட்ட கரைப் பகுதிகளில் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை கூடாரத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 2017இலிருந்து இந்த ஏற்பாடு. வார இறுதிக் குடிக் கூட்டங்கள் மரத்தை வெட்டி எரித்து, கூடாரத்தையே அப்படியே போட்டுவிட்டுப் போனதால் வந்தது. நீங்கள் போகும் பால்மஹா கரை அதற்குள் வருகிறது. சீட்டு விலை குறைவுதான், இணையத்தில் வாங்கிவிடலாம்.

மே 15

மிட்ஜ் என்ற கடிக்கும் பூச்சியைப் பற்றி யாரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன், இன்று கேட்டுவிட்டார்கள். கொசு என்று நினைத்தால் ஏமாற்றம். கடுகில் பாதி இருக்காது. ஆனால் ஒன்றிரண்டாக வராது, மேகமாக வரும். மே பாதியிலிருந்து செப்டம்பர் வரை. கடிப்பது பெண் பூச்சி மட்டும். மழை விட்டு, காற்று நின்று, மேகம் மூடி, சாயங்காலம் ஆனால் அதற்குத் திருநாள். காற்று மணிக்கு ஏழு மைல் வேகத்தைத் தாண்டினால் பறக்க முடியாமல் புல்லில் ஒடுங்கிவிடும். நாம் நடந்துகொண்டிருந்தாலும் பெரிய தொந்தரவில்லை. நின்றால்தான் நம் மூச்சை மோப்பம் பிடித்துக் கூடும்.

திரும்பவும் நிற்பதிலேயே வந்து முடிகிறது பாருங்கள். குளிருக்கு, காற்றில்லாத மறைவில் நில்லுங்கள் என்றேன். மிட்ஜுக்கு, காற்று வீசும் இடத்தில் நிற்க வேண்டும். ஜூனுக்கு முன் குளிரைக் கவனியுங்கள், ஜூலையில் மிட்ஜை. நடுவில் உள்ள வாரங்களில் அன்றன்று முகத்தில் படுவதை வைத்து முடிவு செய்ய வேண்டியதுதான். தலைக்குப் போடும் வலை மூன்று நான்கு பவுண்டு, போட்டால் தேனீ வளர்ப்பவர் போலிருக்கும். போடாமல் சிரித்தவர்கள் ஒரு மணி நேரத்தில் விலை கேட்பார்கள்.

மே 21

சகதியில் எங்கே கால் வைப்பது? பளிச்சென்ற பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ மெத்தைபோல் இருந்தால் அது ஸ்பாக்னம் பாசி. தன் உலர்ந்த எடையைப் போல இருபது மடங்கு வரை நீரைப் பிடித்து வைத்திருக்கும். முதல் உலகப் போரில் பஞ்சு பற்றாமல் போனபோது இதைத்தான் ஸ்காட்லாந்துச் சேற்று நிலங்களில் சேகரித்து, காயவைத்துக் காயத்துக்குக் கட்டினார்கள். கால் வைத்தால் முட்டிவரை கூட இறங்கலாம். ஹீதர் புதர் வளர்ந்த மேடு ஓரளவு கெட்டி.

ஆனால் நீங்கள் போகும் பாதையில் பெரும்பகுதி சரளை போட்ட வழி. அங்கே குட்டை வந்தால் சுற்றிப் போகாதீர்கள், நடுவிலேயே இறங்கி நடங்கள். ஆளாளுக்கு ஓரமாக ஒதுங்கித்தான் ஒரு அடிப் பாதை நான்கு அடிச் சேறாகிறது. எப்படியும் நனையப் போகிற கால்தானே.

மே 27

போய் வந்துவிட்டார்கள்! கேட்டவர் எழுதியிருக்கிறார்: இருநூறு பவுண்டு கோட் வாங்கவில்லை, எல்லோரும் நனைந்தார்கள், யாரும் விறைக்கவில்லை, சென்னைக்காரர் மட்டும் இரண்டு ஸ்வெட்டர் போட்டும் போதவில்லை என்றாராம். உச்சியில் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை என்று வருத்தம். ஒருவர் செல்போனில் அந்த இடத்துக் காட்சியைத் தேடி எடுத்து, மேகத்தின் முன் பிடித்து எல்லோருக்கும் காட்டினாராம். இதற்கு மேல் என்ன வேண்டும்.

தெரியாமல் போனது என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். வடக்கே மலைநாடான ஹைலண்டையும் தெற்கே தாழ்நிலமான லோலண்டையும் பிரிக்கும் நிலப்பிளவு அந்த மலை வழியாகத்தான் போகிறது. தெளிவான நாளில் இன்ச்கைலக், டாரின்ச், கிரீன்ச், இன்ச்மரின் என்று தீவுகள் ஏரிக்குள் ஒரே கோட்டில் நிற்பது தெரியும். அந்தக் கோடுதான் பிளவு. நீங்கள் ஒரு காலை ஹைலண்டிலும் ஒரு காலை லோலண்டிலும் வைத்து வழுக்கி விழுந்திருக்கிறீர்கள்.

பால்மஹாவில் கம்பளித் தொப்பி போட்ட வெண்கல ஆள் யார் என்று கேட்டிருக்கிறார். டாம் வியர், மலையேறி, தொலைக்காட்சியில் இந்த நாட்டைச் சுற்றிக் காட்டியவர். சிலை வைத்தது 2014 டிசம்பரில்.

உண்ணி பார்த்தீர்களா? பெரணிப் புதரில் உட்கார்ந்த ஆட்கள் முழங்காலுக்குப் பின்னால், இடுப்புப் பட்டையடியில், அக்குளில் பாருங்கள். இருந்தால் உண்ணி எடுக்கும் கொக்கியாலோ நுனி மெலிந்த இடுக்கியாலோ தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக எடுக்க வேண்டும், நசுக்கக் கூடாது, எண்ணெய் தடவக் கூடாது. அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் டாக்டரிடம் போய் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள். லைம் நோயாக இருக்கலாம், நேரத்தில் பார்த்தால் ஆன்டிபயாட்டிக்கில் சரியாகும்.

மே 29

அடுத்து அதே ஏரிக்கரையில் இன்னும் வடக்கே, ரோவர்டென்னனிலிருந்து இன்வர்ஸ்னெய்ட் போகிறார்களாம், அதற்குள்ளேயே தைரியம் வந்துவிட்டது. தூரம் கோனிக் ஹில் நடையைவிடக் குறைவு, ஏற்றமும் குறைவு. அதை நம்பாதீர்கள். ஏரியை ஒட்டிய தாழ்வான பாதையில் போனால் பாறையும் வேருமாக இருக்கும், ஈரத்தில் இரண்டுமே சோப்பு. நேஸ்மித் கணக்கை ஒன்றரை மடங்காக்குங்கள். இன்வர்ஸ்னெய்டிலிருந்து எதிர்க்கரை டார்பெட்டுக்குப் படகு உண்டு, டார்பெட்டில் கிளாஸ்கோ ரயில். படகு பருவத்தில் மட்டும் ஓடும், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் சாலை வழியாக அபர்ஃபாயில் பதினைந்து மைல்.